நாளைக்கு எடுத்துக்கலாம்

அண்ணன் வீடு
பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாகப் பணிபுரியும் நான், குரல் கெட்டுப்போன காரணத்தால் மேலும் சில வாரங்கள் விடுப்பு கோருகிறேன். மருத்துவச் சான்றிதழ் இணைத்துள்ளேன்.

இதுவரை எழுதியது உன் கோப்புக்கு. கிழித்து எடுத்துக்கொள். இனிமேல் எழுதுவது அக்காவுக்கு.

டாக்டர் என் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். பள்ளியில் தீப்பிடித்த அன்றைக்குக் குடித்த புகையில் தொண்டைக்குள் வீக்கமாம். பேசக்கூடாது, குசுகுசுவென்றும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதலாம். "டீச்சருங்களா? அப்ப ரொம்பக் கஷ்டமாச்சே" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பதிலுக்கு எனக்கு நன்றாக நாலு வார்த்தை தோன்றியது, சொல்லத்தான் முடியவில்லை. அண்ணி ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தார். முதல் நாள் அதில் "உப்பு கம்மி" என்று எழுதிக் காட்டினேன். மறுநாளிலிருந்து சாக்பீஸ் காணோம்.

செல்போனில் எழுதித் தொலைக்கலாமே என்பாய். நான் ஒரு பக்கம் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய். தாளென்றால் நீ உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் பைகளை என்ன செய்தாய்? தீயணைப்புக்காரர்கள் அள்ளி வெளியே போட்டதை, இன்சூரன்ஸ்காரர் பார்க்க வேண்டும் என்று சைக்கிள் கொட்டகையில் வைத்துப் பூட்டினாய். அவர் பார்த்துவிட்டுப் போயாயிற்று என்று ஆயாம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபோதே சொன்னார். நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று தாளில் எழுதிக் கேட்டேன். நீ படித்துவிட்டு, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ உடம்பைப் பாரு" என்றாய். எனக்கு அந்தக் குரல் தெரியும். சின்ன வயதில் என் பூனைக்குட்டியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து இதே குரலில்தான் பேசினாய்.

கருகியிருந்தாலும் சரி, புகை நாற்றம் அடித்தாலும் சரி, அவரவர் பையை அவரவரிடம் கொடுத்துவிடு. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

தங்கை


பள்ளிக்கூடம்
பிப்ரவரி 10

அன்புள்ள தங்கைக்கு,

விடுப்பு அனுமதிக்கப்பட்டது. பூனைக்குட்டிக்கு உடம்பெல்லாம் சொறி. உனக்கு வரக்கூடாது என்றுதான் கொடுத்தேன். இத்தனை வருஷம் கழித்தா அதை எடுப்பாய்?

இங்கே தலைக்கு மேல் வேலை. ஸ்டோர் ரூமில் ஒயர் பற்றி எரிந்ததால் கட்டடம் முழுக்க ஒயர் மாற்றியாயிற்று. அங்கே குவிந்திருந்த பழைய திரைச்சீலை, பாய் எல்லாவற்றையும் ஒழித்தாயிற்று. பக்கத்து அறை என்பதால் உன் வகுப்புக்குள்ளும் தீ எட்டிப் பார்த்திருந்தது, கரியும் அங்கேதான் அதிகம். மூன்று பூச்சுப் பூசி வெள்ளை வெளேரென்று ஆக்கியிருக்கிறேன். நீயே வந்தாலும் இங்கே தீப்பிடித்தது என்று சொல்லமாட்டாய். பிள்ளைகளுக்கு எல்லாம் புது நீலப் பை, புதுப் பென்சில் பெட்டி, புதுத் தண்ணீர் பாட்டில். ஆசிரியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக்கூடாது என்று. சத்தம் கேட்டால் பிள்ளைகள் திடுக்கிடுகிறார்கள் என்று பள்ளி மணியைக் கூட நிறுத்திவிட்டேன். ஆயாம்மா வகுப்பு வகுப்பாகப் போய்ப் பாடவேளை முடிந்தது என்று சொல்லிவிட்டு வருகிறார். அவருக்கு முட்டிவலி. எனக்குத் தோள்பட்டை வலி, இரண்டு வாரமாக இடது கையை ஏற்றி இறக்க முடியவில்லை. தைலம் தேய்த்து ஒப்பேற்றுகிறேன். ஆளுக்கொரு வலி.

எல்லோரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கும் பெரிய காயம் இல்லை. அது முடிந்த கதை. கரிப்பிடித்த பையைப் பிள்ளையின் கையில் கொடுத்து எதற்கு அதை மறுபடி ஆரம்பிக்க வேண்டும்? பைகளைத் தூக்கிப் போட்டாயிற்று என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டேன். இந்த வாரம் நிஜமாகவே தூக்கிப் போடச் சொல்லப்போகிறேன்.

உன் பிள்ளைகளுக்குப் புதுப் பை மேல் எவ்வளவு ஆசை என்று நீ பார்க்க வேண்டும். முதுகிலிருந்து கழற்றுவதே இல்லை. பையோடுதான் பெஞ்சில் உட்காருகிறார்கள், பையோடுதான் சாப்பிடுகிறார்கள். உனக்குப் பதிலாக வந்திருக்கும் டீச்சர் கொக்கியில் மாட்டச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார், கேட்கவில்லை. போகப் போகச் சரியாகிவிடும்.

வேளைக்குச் சாப்பிடு. அண்ணி சமையலைக் குறை சொல்லாதே.

அக்கா


அண்ணன் வீடு
பிப்ரவரி 15

அக்கா,

புதுப் பை மேல் ஆசையா? நெஞ்சைத் தொட்டுச் சொல், அதை நீ நம்புகிறாயா? என் வகுப்புப் பிள்ளைகள் புதுச் செருப்பை வாங்கின அன்றே தொலைத்துவிட்டு வருகிற ஜாதி.

அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் முழுசாகச் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் பேச முடியவில்லை. அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. இப்போது எழுதுகிறேன், படி.

கதவிடுக்கில் புகை வந்ததும் எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் பையை மாட்டத் தொடங்கிவிட்டார்கள். எங்கே போனாலும் பையோடு போக வேண்டும், விட்டால் தொலைந்துபோகும் என்று வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தானே. பெஞ்சுக்கடியில் வார் மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். புகை இறங்கிக்கொண்டே வருகிறது. நான் மேஜையைத் தட்டிச் சொன்னேன்: "பையை விட்டுடுங்க. ஒண்ணும் ஆகாது. நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்."

அந்தப் பிள்ளைகள் விட்டார்கள், அக்கா. கேள்விக்குறி ஒருத்திதான், உனக்கு அவளைத் தெரியுமே, கேள்வி கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள், அவள்தான் என்னைப் பார்த்து, "நெஜமாவா டீச்சர்?" என்றாள். "நெஜமா" என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றாள். பின்படிக்கட்டு வழியாக எல்லோரும் இறங்கினார்கள். கீழே நம் விளையாட்டு வாத்தியார் விசில் சார் மூச்சு விடாமல் விசில் ஊதிக்கொண்டு நின்றார். கண் தெரியாத புகையில் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினோம்.

என் பேச்சை நம்பி வைத்த பை அது. பள்ளி திறந்து வந்து பார்த்தால் வெள்ளைச் சுவர், நீலப் பை, யாரும் வாயே திறப்பதில்லை. இனி எந்தப் பெரியவர் சொன்னால் அவர்கள் எதைக் கீழே வைப்பார்கள்?

நீ தூக்கிப் போட்டால் நான் வரமாட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வகுப்பில் நிற்பேன்? வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

தங்கை


பள்ளிக்கூடம்
பிப்ரவரி 22

தங்கைக்கு,

வேறு ஆளைப் பார்க்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.

நேற்று உனக்குப் பதிலாக வந்த டீச்சர் ஒரு பையனின் பையைக் கழற்றப் போனார். அவன் அலறிய அலறலில் பக்கத்து வகுப்பெல்லாம் எழுந்து வாசலுக்கு ஓடியது. தூக்கி ஆறுதல் சொல்லப்போன விசில் சாரின் கையை அவன் கடித்துவைத்தான். மூன்று பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நிற்கிறார்கள். நிர்வாகக் குழு, மாத முடிவுக்குள் நிலைமை சீராகாவிட்டால் மூன்றாம் வகுப்பைக் கலைத்து மற்ற பிரிவுகளில் பிரித்துப் போடு என்கிறது.

எனக்கு இங்கே உதவிக்கு ஆள் இல்லை. உனக்கோ அங்கே உட்கார்ந்து கடிதத்தில் எனக்குப் பாடம் எடுக்க நேரம் இருக்கிறது. தொண்டைதானே கெட்டது, கால் நன்றாகத்தானே இருக்கிறது? பேசாமல் வந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தால் போதாதா? பிள்ளைகள் பிள்ளைகள் என்கிறாய். முதலில் ஓடிப்போனது நீ.

பை இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது. தூக்கிப் போட ஆள் கிடைக்கவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அக்கா


அண்ணன் வீடு
பிப்ரவரி 27

அக்கா,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் மூன்று எழுதிக் கிழித்தேன். அதில் உன்னைத் திட்டியதெல்லாம் அருமையாக வந்திருந்தது. வீணாகிவிட்டது.

ஆமாம். ஓடித்தான் வந்தேன்.

நான் கிளம்புகிற அன்று நீ பைகளைப் பற்றி மழுப்பியதால் எனக்குக் கோபம் வந்தது, உண்மை. ஆனால் பை கிடைத்திருந்தாலும் நான் கிளம்பியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. இங்கே அண்ணி அடுப்பைப் பற்றவைத்தால் நான் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். பாவம், அவர் தன் சமையல் பிடிக்காமல்தான் போகிறேன் என்று நினைத்து ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் வேறு சாக்பீஸ் வாங்கி, அடுப்பு பற்றினால் பயம் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அன்றிலிருந்து, "பத்த வைக்கப் போறேன்" என்று முன்கூட்டியே குரல் கொடுக்கிறார். அது எவ்வளவு உதவியாக இருக்கிறது என்று உனக்கு எப்படிச் சொல்வது? நேற்று மாடிக்குப் போகவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றேன்.

டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியாமல் பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொன்னேன். அண்ணன் பயந்துபோய் எட்டிப் பார்த்தான். குரல் பழைய தகரக் கதவு மாதிரி இருக்கிறது. ஆனால் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை கடிதத்திலும் சுவர் எப்படி இருக்கிறது, ஒயர் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறாய். நீ எப்படி இருக்கிறாய்? தைலம், தோள்பட்டை என்று ஒரு வரி எழுதினாய், அவ்வளவுதான். ராத்திரி தூங்குகிறாயா?

தங்கை


பள்ளிக்கூடம்
மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

இது நீளமான கடிதம். நானும் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

ஓடிப்போனாய் என்று எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. தபாலில் போட்ட அன்றே தபால்காரரைத் துரத்திக்கொண்டு போகலாமா என்று இருந்தது.

நிர்வாகக் குழு ஒரு மனநல ஆலோசகரை அனுப்பியது. எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். பள்ளிக்கூடமே அவருக்கு மெதுவா அம்மா என்று பெயர் வைத்துவிட்டது. பிள்ளைகளைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் ஆசிரியர்களை உட்காரவைத்தார். "அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க? அதை மட்டும் சொல்லுங்க. இஷ்டமிருந்தா சொல்லுங்க" என்றார். யாரும் பேசவில்லை. நான்தான் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேனே. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. "சொல்லுங்க" என்றேன்.

விசில் சார்தான் தொடங்கினார். அவர் இப்போதெல்லாம் கைதட்டித்தான் விளையாட்டு நடத்துகிறார். விசில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். அன்றைக்குச் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மேஜை மேல் வைத்தார். "வாயில வச்சா ஊத வரல மேடம். நான் நிறுத்தினா யாராச்சும் உள்ள மாட்டிக்குவாங்கன்னு தோணுது" என்றார். அந்த ஆறடி மனிதர் அழுதார். அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கி, சாப்பாட்டு நேரமே போய்விட்டது. ஆயாம்மா கூடச் சொன்னார். முடிந்தபோது எல்லோருக்கும் பயங்கரப் பசி. இத்தனை நாளில் ஆசிரியர் அறையில் அவ்வளவு சத்தமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நானும் சொன்னேன். உன்னிடம் சொல்லாததை அங்கே சொன்னேன். நான் வெளிவாசலில் நின்று பிள்ளைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உன் வகுப்பு மொத்தமும் வந்துவிட்டது. நீ வரவில்லை. பெஞ்சுக்கடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்பிப் போயிருக்கிறாய் என்று கேள்விக்குறிதான் சொன்னாள். தலைமையாசிரியை வாசலை விட்டு நகரக்கூடாது. அது நானே போட்ட விதி. நகரவில்லை. நீ இருமிக்கொண்டு வெளியே வந்து விழுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அந்தச் சுவரைப் பார்த்தால் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. அதனால்தான் மூன்று பூச்சு.

மறுநாள் மெதுவா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டகையைத் திறந்தேன். பைகளைத் துவைத்துக் கொடுத்துவிடலாம் என்றேன். "மெதுவா. அவங்க பையை அவங்களே துடைக்கட்டும்" என்றார். பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினோம். தூக்கிப் போட்டதாகச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். இரண்டு பேர் நன்றாகவே திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு மைதானத்தில், வெயிலில், பைகளை வரிசையாக வைத்தோம். பக்கத்தில் வாளித் தண்ணீர், துணி. நான் முன்னால் நின்று, "உங்க டீச்சர் நாளைக்கு எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. நான்தான் லேட் பண்ணிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் ஒரு பிள்ளையும் நகரவில்லை. பிறகு அந்தக் கடித்தவன் இருக்கிறானே, அவன் போய்த் தன் பையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சீ, நாறுது" என்றான். அவ்வளவுதான், எல்லோரும் ஓடினார்கள்.

ஒருவன் பையில் மெழுகுக் கலர் எல்லாம் உருகி ஒரே கட்டியாகியிருந்தது. மற்றவர்கள் அதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். யாருடையதோ சாப்பாட்டு டப்பாவை விசில் சார் வீரமாகத் திறந்துவிட்டு மைதானத்தின் அந்தக் கோடிவரை ஓடினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழுகையும் இருந்தது. கேள்விக்குறியின் பை முழுக்க எரிந்துபோய் வாரில் இருந்த ஒரு கொக்கி மட்டும்தான் மிச்சம். அதை அவள் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னோடதுதான்" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இன்று காலை உன் வகுப்பு வாசலில் போய் நின்றேன். நீலப் பைகள் எல்லாம் கொக்கியில் தொங்கின. யாரும் சொல்லவில்லை, அவர்களே மாட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் மடியில் வைத்திருந்தார்கள். இருக்கட்டும், மெதுவா. எனக்கு இருந்த நிம்மதியில் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டேன். வகுப்பைக் கலைக்கப்போவதில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டவர்களில் ஒருவர் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

அப்போது கேள்விக்குறி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "பெரிய டீச்சர், நீங்க எப்பப் பையைக் கழட்டுவீங்க?"

குனிந்து பார்த்தேன். என் கைப்பை இடது தோளில் கிடந்தது. அன்றைக்கு வாசலில் நின்றபோது மாட்டியிருந்த அதே பை. அலுவலகத்தில் உட்காரும்போது, சாப்பிடும்போது, மீட்டிங்கில், எப்போதும் தோளிலேயே இருந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை. உள்ளே ஒரு டார்ச், ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், கட்டடத்தின் எல்லாக் கதவுகளுக்கும் மாற்றுச் சாவி. எப்போது ஒவ்வொன்றாகப் போட்டேனோ. நான் தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவளிடம், "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கடிதம் எழுதும்போதும் பை தோளில்தான் இருக்கிறது. ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்டாய். தூங்கவில்லை. நேற்று கொஞ்சம் தூங்கினேன்.

அக்கா


அண்ணன் வீடு
மார்ச் 13

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன். டாக்டர் அனுமதித்த நேரம் முழுக்க அதற்கே செலவாகிவிட்டது. அண்ணி கேட்டுக்கொண்டே வெங்காயம் இல்லாமல் அழுதார்.

நீ வாசலில் நின்றது எனக்குத் தெரியும். புகையிலிருந்து வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது நீதான். ஆடாமல் அசையாமல் நின்றாய். அக்கா இருக்கிற பக்கம்தான் வாசல் என்று அந்தப் பக்கம் நடந்தேன். நீ உள்ளே ஓடி வந்திருந்தால் நான் எந்தப் பக்கம் நடந்திருப்பேன்?

பையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அதைக் கழற்று என்று யாராவது சொன்னால் அவர்கள் கையைக் கடித்துவிடு. உன் பள்ளியில் அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

இன்று காலை அடுப்பை நானே பற்றவைத்தேன். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. ஆனால் யார் பற்றவைத்தாலும் தண்ணீர் கொதிக்கத்தானே செய்கிறது. திங்கட்கிழமை வருகிறேன். குரல் இன்னும் தகரக் கதவுதான், பிள்ளைகள் கேலி செய்யட்டும். ஆயாம்மாவின் முட்டிக்கு விடுதலை கொடு, மணியை அடிக்கச் சொல், ஆனால் எப்போது அடிக்கும் என்று முன்னாலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடு. அண்ணியிடம் கற்றுக்கொண்டது.

தங்கை


மூன்றாம் வகுப்பிலிருந்து அலுவலகத்துக்கு, கேள்விக்குறியின் கையில்
மார்ச் 19, மாலை

தலைமையாசிரியை அவர்களுக்கு,

இன்றைய தீயணைப்பு ஒத்திகை நல்லபடியாக முடிந்தது. முன்கூட்டிச் சொல்லியிருந்ததால் மணி அடித்ததும் ஒரு பிள்ளைதான் அழுதது, அதுவும் கீழே போவதற்குள் நிறுத்திவிட்டது. பைகள் எல்லாம் கொக்கியிலேயே இருந்தன. விசில் சார் ஊதினார். முதல் ஊதல் காற்றுதான், இரண்டாவது ஊருக்கே கேட்டது.

மணி அடித்தபோது தாங்கள் எங்கள் வகுப்பில் இருந்தீர்கள். "பெரிய டீச்சர், பையை விட்டுட்டு வரணும்" என்று பிள்ளைகள் கத்தியதும் காலிக் கொக்கியில் மாட்டிவிட்டு எங்களோடு இறங்கினீர்கள். பிறகு வாசலிலிருந்து அப்படியே அலுவலகம் போய்விட்டீர்கள். கைப்பை இங்கேயே தொங்குகிறது. பள்ளி விடப் போகிறது. மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேள்விக்குறியிடம் கொடுத்தனுப்பவா? டார்ச், சாவி எல்லாம் அதில்தானே.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை


அலுவலகத்திலிருந்து, அதே தாளின் பின்பக்கம்

மறக்கவில்லை. வீட்டுச் சாவி கையில் இருக்கிறது. அது அங்கேயே தொங்கட்டும்.

நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்.

அக்கா